தெலுங்குக்காரரைத் தேடியவர்

என் அத்தான் சாமியை நின்றபடியே கும்பிடுகிறவர். கோயிலில் கூட்டமாக இருந்தால் அதுவும் வாசலோடு சரி. ஆனால் ஆம்ப்ளிஃபயர் முன்னால் மட்டும் முட்டி போடுவார். கடையோ, வீடோ, கல்யாண மண்டபமோ, இடம் பார்ப்பதில்லை. இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, வலது காதை ஸ்பீக்கர் துணியோடு ஒட்ட வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தாலும் அப்படித்தான். துவைக்கிறவள் நான் என்பதால் அவருக்கு அந்தக் கவலை இல்லை.

என் அக்காவைக் கட்டியவர். பினாங்கில், பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் எனக்கு வேலை கிடைத்து, தைப்பிங்கிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியபோது, ஜெலுத்தோங்கில் அவர்களுடைய பலகை வீட்டில்தான் தங்கினேன். எழுபதுகளின் கடைசி வருஷங்கள். வீட்டில் நான் கடைக்குட்டி, அதனால் எல்லாருக்கும் பாப்பா. அத்தானுக்கும் பாப்பாதான். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. படகுகளின் இரும்பு வயிற்றில் ஏறியிருக்கும் துருவைக் காற்றுச் சுத்தியலால் அடித்து எடுக்கிற பட்டறை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த இடி. வீட்டுக்கு வந்து குளித்து, தலையைப் படிய வாரிக்கொண்டால் வேறு ஆள் ஆகிவிடுவார். கிட்டாரை எடுத்து மடியில் வைக்கிற விதத்தில் ஒரு மரியாதை இருக்கும்.

துறைமுகத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். முன்னால் நின்று வாசிப்பவர் அத்தான். டிரம்ஸ், அவருடைய உயிர்ச் சிநேகிதர்; நான் டிரம்ஸ் அண்ணன் என்றே கூப்பிடுவேன். மற்ற இரண்டு கிட்டாரும் ஓர் அண்ணன் தம்பி. பாடுவதற்கு ஆள் கிடையாது. வேண்டும் என்றேதான் கிடையாது. ஆனால் இது நம் ஜனங்களுக்குப் புரிய வேண்டுமே. கல்யாணத்தில் இவர்கள் ஒரு மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க வாசித்து முடித்தபிறகு, பெண்ணின் பெரியப்பா யாராவது மேடையோரம் வந்து கேட்பார்:

“தம்பி, பாடுறவர் இன்னும் வரலையா? ஜாம்ல மாட்டிக்கிட்டாரா?”

“கிட்டார்தான் அங்கிள் பாடுது.”

“அது சரி லா. ஆளு எப்ப வருவாரு?”

அத்தானுக்கு முகம் சிவந்துவிடும். டிரம்ஸ் அண்ணன் பின்னாலிருந்து, “ஃபெரி ஏறிட்டாரு அங்கிள், வந்துக்கிட்டே இருக்காரு” என்பார். அவர்கள் குழு கலைகிற வரைக்கும் அந்தப் பாடகர் ஃபெரியிலேயேதான் இருந்தார்.

சினிமாப் பாட்டுகளைக் கிட்டாரில் வாசித்துக் காலத்தை ஓட்டினாலும், அத்தானின் உயிர் ஒரே ஓர் இசைத்தட்டில் இருந்தது. இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேர் வாசித்தது. வார்த்தையே இல்லாத இரண்டரை நிமிஷம். அதன் ஆங்கிலப் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் சரியாக நுழையாததால் அதற்கு ‘அது’ என்றே பெயர். அத்தானும் டிரம்ஸ் அண்ணனும் பதினெட்டு வயதில் வெல்ட் கீ பக்கம் ஒரு காப்பிக்கடைப் பாட்டுப் பெட்டியில் அதைக் கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் போட்டு, கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்புகிறவரை கேட்டிருக்கிறார்கள். “அன்னைக்கு என் முதுகுத்தண்டுல தண்ணி ஊத்தின மாதிரி இருந்துச்சு பாப்பா” என்று அத்தான் சொல்வார். அந்தச் சத்தத்தைத் தன் கையால் ஒருமுறை எழுப்பிவிட வேண்டும், அது அப்படியே வரவேண்டும், அரைகுறையாக மேடையில் வாசிக்கக்கூடாது. இதுதான் அவர் எடுத்துக்கொண்ட சபதம். அதற்கு ஏற்ற ஆம்ப்தான் அமையவில்லை.

சத்தத்துக்கு அவர் ஒரு தனிப்பேச்சு வைத்திருந்தார். அடிச் சத்தம் இருட்டு. மேல் சத்தம், அந்தக் கூர்மையான மணி மாதிரி வருவது, வெளிச்சம். எந்த ஆம்பைக் கேட்டாலும் கடைசியில் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே அவர் சொல்வது ஒன்றுதான்: “வெளிச்சம் பத்தல.” கல்யாணமான புதிதில் இதைக் கேட்ட அக்கா, முக்காலி போட்டு ஏறி நாற்பது பல்பை எடுத்துவிட்டு நூறு பல்பு மாட்டினாளாம். ஒரு கல்யாணத்தில் இவர் மேடையிலிருந்து “வெளிச்சத்தைக் கூட்டு, வெளிச்சத்தைக் கூட்டு” என்று கத்த, மண்டபத்து ஆள் அத்தனை டியூப்லைட்டையும் போட்டுவிட்டான். மணப்பெண்ணின் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அந்த வீட்டார் அப்புறம் எங்களுக்குப் பத்திரிகையே வைக்கவில்லை.

நான் வந்தபோது அவரிடம் இரண்டாவது ஆம்ப் இருந்தது. முதலாவதை சூலியா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த சீனர் செய்து கொடுத்திருக்கிறார். நாங்கள் அவரை ரேடியோ தவுக்கே என்போம்; தவுக்கே என்றால் இங்கே முதலாளி. பழைய ரேடியோ வால்வுகளைப் போட்டுச் செய்தது. பத்து நிமிஷம் ஓடினால் கருவாடு வறுக்கிற வாசனை வரும் என்று அக்கா சொல்வாள். இரண்டாவது ஜப்பான் ஆம்ப், டிரான்சிஸ்டர். “சுத்தமா இருக்கு, ஆனா ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம்” என்று அதை ஒதுக்கிவிட்டார். வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் என்ன வித்தியாசம் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்கு விளக்குவார். ஃபேக்டரியில் நாள் முழுக்க டிரான்சிஸ்டரைச் சோதித்துப் பார்க்கிறவள் நான். எனக்கே விளக்குவார்.

மூன்றாவதுதான் அவர் தேடிய ஆம்ப். பட்டர்வொர்த் விமானத் தளத்திலிருந்த ஓர் ஆஸ்திரேலியர் ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். அதில் ஓர் இங்கிலாந்து ஆம்ப் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அத்தான் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இசைத்தட்டின் உறையில் அந்த நாலு பேருக்குப் பின்னால் நிற்குமே, அதே பெட்டி. அதே துணி, அதே தோல் கைப்பிடி. ஃபெரியில் திரும்பி வரும்போது உட்கார இடம் இருந்தும் உட்காராமல், அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்த அம்மா ஒருத்தி, “தையல் மெஷினாப்பா?” என்று கேட்டாள். “ஆமாம்மா” என்றார். அவ்வளவு சந்தோஷத்தில் இருந்தார், யார் என்ன சொன்னாலும் ஆமாம் என்றிருப்பார்.

வீட்டில் கொண்டுவந்து வைத்து, வால்வு சூடேறும்வரை காத்திருந்து, ‘அது’வின் முதல் நாலு அடியை வாசித்தார். எனக்கு சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது. எனக்கே கை மயிர் சிலிர்த்துக்கொண்டது. அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். தட்டில் இருக்கும் சத்தம் எங்கள் பலகை வீட்டுக்குள் இருந்தது. அத்தான் கிட்டாரோடு முட்டி போட்டு, காதை வைத்து, கம்பியை இன்னொரு தடவை மீட்டினார்.

“வெளிச்சம் பத்தல” என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவர் விளையாடவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பிரித்து மூடினார். வால்வை மாற்றினார், ஸ்பீக்கரை மாற்றினார், கிட்டார் கம்பியை மாற்றினார். மேல் சத்தத்துக்கு ஒரு குமிழ் உண்டு. அதைக் கடைசிவரை திருகி வைத்துவிட்டு, இன்னும் திரும்பாதா என்று விரலால் அழுத்துவார். எங்களுக்கோ காது கூசும். அக்கா மகள் இரண்டு விரலையும் காதுக்குள் விட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். பக்கத்து வீட்டுச் சீனத்தி சன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்கும். எங்களுக்குத்தான் கேட்கும். “காது கூசுது அத்தான்” என்று நான் சொன்னால், “உனக்கு ரசனை பத்தாது பாப்பா” என்பார். தட்டைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்றேன். போட்டோம். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “தட்டும் தேஞ்சுபோச்சு. முந்தி இதுல இருந்த வெளிச்சம் இப்ப இல்ல.” புதுத்தட்டு வாங்கினோம். அது மட்டமான அச்சு என்றார். “என் தலைக்குள்ள இருக்கு பாரு, அதான் சரியான தட்டு.” நான் எவ்வளவு மண்டு என்று இப்போது நினைத்தால் ஆத்திரம் வருகிறது. எல்லாம் கண்முன்னால் இருந்தது. ஆம்ப், தட்டு, புதுத்தட்டு, எல்லாவற்றிலும் ஒரே நோய் எப்படி இருக்கும்?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரேடியோ தவுக்கே கடைக்கு ஆம்பைத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு வருஷத்தில் அது எத்தனையாவது தடவையோ. தவுக்கேக்குப் பொறுமை போய்விட்டது. “ஆம்ப் பாகூஸ் லா, ஒண்ணும் இல்ல” என்று, நன்றாகத்தான் இருக்கிறது என்பதைத் தன் மலாய் கலந்த தமிழில் சொன்னார். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தவுக்கே உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கீச்சென்று ஒரே சத்தம் எழுப்புகிற பெட்டி. குமிழைத் திருப்பத் திருப்பச் சத்தம் மேலே மேலே போகும். எங்கள் ஃபேக்டரியிலும் அது உண்டு. அதை ஆம்பில் மாட்டி, ஸ்பீக்கர் பக்கம் முள் ஆடுகிற மீட்டர் ஒன்றையும் வைத்தார். “சத்தம் நின்னா கை தூக்கு” என்று அத்தானிடம் சொன்னார். அத்தான் வழக்கம்போல முட்டி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தவுக்கே மெதுவாகத் திருப்பினார். சத்தம் விசில் ஆனது, விசில் ஊசி ஆனது. பாதிகூடத் திரும்பவில்லை, அத்தான் கை தூக்கிவிட்டார்.

சத்தம் நிற்கவில்லை. மீட்டர் முள் கொஞ்சமும் இறங்காமல் அதே இடத்தில் நின்றது. தவுக்கே என்னைப் பார்த்தார், நான் முள்ளைப் பார்த்தேன். அவர் இன்னும் திருப்பினார். எனக்குப் பல் கூசியது. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து மலாயில் ஏதோ திட்டினார். அத்தான் தூக்கின கையை இறக்காமல், கண்ணைத் திறக்காமல், அமைதியாக இருந்தார். பிறகு எழுந்து திரும்பினார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஜெயித்த முகம்.

“பாத்தீங்களா தவுக்கே? பாதியிலயே நின்னுபோச்சு. நான் ரெண்டு வருஷமா இதைத்தானே சொல்றேன்!”

ஒயரைச் சுருட்டக் குனிந்தார். தவுக்கே என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, “டியா பூஞா தெலிங்கா” என்றார், அவருடைய தெலிங்கா என்று. மலாயில் தெலிங்கா என்றால் காது. பினாங்கில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அத்தானுக்கும் தெரியும். ஆனால் குனிந்திருந்தவர் காதில் அது அரைகுறையாக விழுந்திருக்கிறது. நிமிர்ந்தார்.

“தெலுங்கா? யாரு தெலுங்கு?”

அந்த ஒரு நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தில் இன்னும் அந்தச் சந்தோஷம் இருந்தது. ஒரு வியாதியைக் கண்டுபிடித்துவிட்ட, இனி மருந்து கிடைத்துவிடும் என்கிற சந்தோஷம். என் வாய் முந்திக்கொண்டது.

“அந்த ஆஸ்திரேலியாக்காரருக்கு முன்னாடி இது ஒரு தெலுங்குக்காரர்கிட்ட இருந்துச்சாம் அத்தான். அவர் உள்ள ஏதோ மாத்திட்டாராம். தவுக்கே சொல்றாரு.”

தவுக்கேக்கு என் தமிழின் வேகத்தில் புரிந்ததோ இல்லையோ, தலையை மட்டும் ஆட்டினார்.

“எந்த ஊராம்?”

“கூலிம் பக்கமாம்.”

கூலிம் ஏன் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாலு நாளில் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். என் அத்தானை எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஃபெரி ஏறினார். அதற்கடுத்த ஞாயிறும். கூலிமில் தெலுங்கு வீடுகள் எவை என்று விசாரித்து ஒவ்வொரு வாசலாக நின்றிருக்கிறார். “ஐயா, நீங்க எப்பவாச்சும் இங்கிலீஷ் ஆம்ப் வச்சிருந்தீங்களா?” அந்த ஜனங்கள் பாவம், நல்லவர்கள். முன்பின் தெரியாத மனிதரை உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். ஒரு வாத்தியார் தன்னிடமிருந்த ஆர்மோனியத்தைக் காட்டி, இது வேண்டுமானால் பார்க்கிறீர்களா என்று கேட்டாராம். அத்தான் திரும்பி வரும்போது கையில் ஊறுகாய் பாட்டில் இருக்கும். நாலைந்து தெலுங்கு வார்த்தைகூடக் கற்றுக்கொண்டார். “தங்கமான ஆளுங்க பாப்பா. அவங்கள்ல ஒருத்தர் ஆம்பைக் கெடுத்திருக்க மாட்டாரு. நல்லதுன்னு நெனச்சுத்தான் மாத்தியிருப்பாரு” என்று, இல்லாத ஆளுக்குப் பரிந்து பேசுவார். நான் அந்த ஊறுகாயைத் தொட்டதே இல்லை.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

“எனக்குத் தெரியும். மூணு வருஷமாத் தெரியும். பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. குக்கர் விசில் அடிச்சா நான் ஓடுறதைப் பாத்துத்தான் அடிச்சிருச்சுன்னே தெரியும் அவருக்கு.”

“நீயாச்சும் சொல்லக்கூடாதா அக்கா?”

“சொல்லி? அந்தச் சுத்தியல் வேலையை விடச் சொல்றதா, இல்ல கிட்டாரை விடச் சொல்றதா?”

இரண்டு பேரும் சேர்ந்து அந்த வெங்காயத்தை உரித்து முடித்தோம்.

அந்த வருஷம்தான் டிரம்ஸ் அண்ணன் படுத்தார். நுரையீரல். சிமெண்டு மூட்டைக் கப்பலில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் நன்றாகக் கவனியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். நாலு தெரு தள்ளித்தான் வீடு. நானும் அத்தானும் ஃபிளாஸ்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போவோம். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். விரல் மட்டும் சும்மா இருக்காது, கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். பேச்சில் குறும்பும் போகவில்லை. “என்ன பாப்பா, பாடுறவர் வந்துட்டாரா?” என்று என்னைக் கேட்பார்.

ஒருநாள் சாயங்காலம் அத்தானின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காதோடு பேச வேண்டியதை ஊருக்கே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போது உறைத்தது.

“டேய், அதை ஒரு வாட்டி வாசிடா.”

“வாசிக்கிறேன்டா. இரு, சத்தம் சரியாகட்டும்.”

“எந்தப் பொட்டியா இருந்தா என்னடா? அந்தக் கருவாட்டு ஆம்பையே கொண்டாயேன்.”

“சும்மா இரு லா. உனக்குப் போய் மட்டமா வாசிப்பேனா? அந்தத் தெலுங்குக்காரர் பாடாங் செராய்ல இருக்காருன்னு ஒரு துப்பு கெடச்சிருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை போறேன். ரெண்டே வாரம்.”

டிரம்ஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். தெலுங்குக்காரர் யார் என்று அவருக்குப் புரியவில்லை. நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சிநேகிதர் முன்னால், சாகக் கிடக்கிறவர் முன்னால், உங்களுக்குக் காது போய்விட்டது அத்தான் என்று எப்படிச் சொல்வேன்? வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நாற்பது வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மனசு ஏற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் பாடாங் செராய்க்குப் போனார். டிரம்ஸ் அண்ணன் அன்று காலை பத்தரை மணிக்குப் போய்விட்டார். சொல்லியனுப்ப வழியில்லை. சாயங்காலம் அத்தான் ஃபெரியை விட்டு இறங்கி, நேராக அந்த வீட்டுக்கே நடந்து வந்தார், ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வதற்காக. தெருமுனையில் நாற்காலிகள் போட்டிருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாராம். பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அழவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று படத்துக்கு முன்னால் அதை வாசிப்பேன் என்று மட்டும் சொன்னார். அதற்குள் ஆம்பைச் சரிசெய்ய வேண்டும் என்று, தெலுங்குக்காரரின் சரியான விலாசம் கேட்டு ரேடியோ தவுக்கேயிடம் போனார். நான் வேலைக்குப் போயிருந்த நாள், எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்?

ஃபேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

“பாப்பா, தவுக்கே தெலுங்குன்னு சொல்லலையாமே?”

அவரே தொடர்ந்தார்.

“ரெண்டு தடவை சொல்லச் சொன்னேன். எனக்கு வெளங்கல. அப்புறம் எழுதிக் குடுத்தாரு.”

சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். ரசீதுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். அதில் பெரிய பெரிய எழுத்தில் தெலிங்கா என்று ஆங்கில எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு காதும் வரைந்திருந்தார் அந்த மனிதர்.

என் கையிலிருந்த சோற்று டப்பா கீழே விழுந்தது. அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். மன்னிச்சிருங்க அத்தான், மன்னிச்சிருங்க அத்தான் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. அவர் டப்பாவை எடுத்து, உருண்டு போன மூடியையும் தேடி எடுத்துப் போட்டு மூடினார். “சரி சரி, எந்திரி. அக்கா பாத்தா பயந்துருவா” என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதன்பிறகு பதினெட்டு வருஷம் இருந்தார். பட்டறையில் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார், காதில் மெஷின் வைத்துக்கொண்டார், என் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினார். இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இலை எடுத்த பிறகு, ஆம்பை டிரம்ஸ் அண்ணன் வீட்டு முன்கூடத்தில் வைத்தோம். நாற்காலியில் டிரம்ஸ் அண்ணனின் படம், மாலையோடு. மற்ற இரண்டு கிட்டார்க்காரர்களும் வந்திருந்தார்கள். டிரம்ஸைத் துணி போட்டு மூடிச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். அத்தான் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். ஆம்ப் பக்கம் வரவில்லை.

“பாப்பா, நீ வச்சுக் குடு. உனக்கு எங்க சரின்னு படுதோ அங்க வை.”

அதுவரை அந்தக் குமிழ்களை என்னைத் தொடவிட்டதில்லை. கடைசிவரை திருகியிருந்ததைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தேன். ஆஸ்திரேலியர் வீட்டிலிருந்து கொண்டுவந்த முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படி வைத்தேன்.

வாசித்தார். இரண்டரை நிமிஷம். டிரம்ஸ் இல்லாமலேயே அது அதுவாக இருந்தது. தட்டில் இருப்பது ஒன்றுவிடாமல் அந்தக் கூடத்தில் இருந்தது. சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திக்கொண்டு வந்து நின்றார்கள். டிரம்ஸ் அண்ணனின் மனைவி, இந்த இரைச்சலை ஆயுளெல்லாம் திட்டியவள், சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். பாடுகிறவர் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அத்தான் கம்பியைப் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை என் முகத்தையே பார்த்து வாசித்தார்.

முடித்ததும் என்னைத்தான் கேட்டார்.

“வந்துச்சா?”

“வந்துச்சு அத்தான்.”

“முழுசா?”

“முழுசா வந்துச்சு.”

தலையை ஆட்டினார். ஆம்பை அணைத்தார். ஒயரைப் பிடுங்கி முழங்கையில் சுற்றிக்கொண்டே, யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல், மெதுவாகச் சொன்னார்:

“அப்ப அவன் கேட்டப்பவே வாசிச்சிருக்கலாமே.”